மலைச்சாலை டயர்: எவ்வளவு ஓடும், வாரண்டி எதற்கு உதவும்

கம்பத்திலும் கோம்பையிலும் தேவாரத்திலும் போடியிலும் விடிவதற்கு முன்பே டிரிப் ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என்று ஆளுக்கொரு மலைப்பாதையில் ஏறும். தார்ச்சாலை முடிந்ததும் தோட்டத்துக்குள் கல்லும் சேறுமான தடம். சாயங்காலம் அதே வழியில் இறக்கம். இந்த வண்டிக்கு டயர் வாங்குகிறவரும், தேனியில் புது தார் ஜீப் வாங்கி மாதம் ஒருமுறை மேகமலை போகிறவரும், கூடலூர்ப் பக்கம் வயலில் டிராக்டர் ஓட்டுகிறவரும் டயர்க் கடையில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

மூவருக்கும் ஒரே பதில் கிடையாது. மூன்று வண்டியிலும் டயர் சாகிற விதம் வேறு. டிரிப் ஜீப்பின் டயர் சுமையிலும் வளைவிலும் தேய்ந்து சாகும். கல் கிழித்தால் அதற்கும் முன்பே. வார இறுதி வண்டியின் டயர் பட்டன் அப்படியே இருக்க, ரப்பர் முதுமையடைந்து சாகும். டிராக்டர் டயர் வயலில் பிழைத்துத் தார்ச்சாலையில் சாகும். மைலேஜ் வாரண்டியை எழுதியவர் மனத்தில் இருந்ததோ நான்காவது ஒரு வண்டி: நல்ல சாலையில், சரியான காற்றோடு, அளவான சுமையோடு நேராக ஓடிக்கொண்டிருக்கும் கார். தேனியிலிருந்து மதுரை, சென்னை என்று மட்டும் போய்வருகிறவர் அந்த வாரண்டியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மற்றவர்கள் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் என் கணிப்பு. ஏன் என்று பார்ப்போம்.

பட்டன் ஆழம் சொல்லும் கணக்கு

கிலோமீட்டரைக் கேட்பதற்கு முன் மில்லிமீட்டரைக் கேட்க வேண்டும். சாதாரணச் சாலை டயரில், அதாவது எச்.டி. வகையில், புதிதாக இருக்கும்போது பட்டன் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். சாலைக்கும் தடத்துக்கும் பொதுவான ஏ.டி. வகையில் பெரும்பாலும் 10 முதல் 12 வரை. சேற்றுக்கென்றே செய்த எம்.டி. வகையில் 13க்கு மேல். ஆழம் அதிகம் என்பதால் எம்.டி. கூடுதலாக உழைக்கும் என்று நினைத்துவிடக்கூடாது, நடப்பது நேர்மாறு. அதன் பட்டன்கள் பெரியவை, இடைவெளி அகலமானவை. தார்ச்சாலையில் ஒவ்வொரு பட்டனும் தனித்தனியாக வளைந்து நெளிந்து உரசும். நல்ல சாலையில் ஏ.டி. டயர் 60,000 கிலோமீட்டருக்கு மேலும் போகும், எம்.டி. 40,000 தாண்டினாலே நன்றாக உழைத்தது என்று சொல்ல வேண்டும். ஆள் நிறைந்த ஜீப்பில் தினமும் மலை ஏறி இறங்கினால் இரண்டிலும் பாதியை மட்டும் எதிர்பார்த்துக் கணக்குப் போடுங்கள். அதற்கு மேல் ஓடினால் லாபம்.

சட்டப்படி கார், ஜீப் டயரில் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது. பள்ளங்களுக்கு நடுவே சின்னதாக மேடு வைத்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. ஆனால் அது சட்டத்தின் எல்லை. ஆனி, ஆடிச் சாரலில் போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்குகிறவருக்கு 3 மில்லிமீட்டரே எல்லை. அதற்குக் கீழே போன டயர் ஈரத் தாரில் தண்ணீரைச் சரியாக வெளியே தள்ளாது. தோட்டத்துச் சேற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

உங்கள் டயர் எவ்வளவு ஓடும் என்பதைக் கடைக்காரரை விட உங்கள் வண்டியே சரியாகச் சொல்லும். ஆழம் பார்க்கும் அளவுகோல் ஒன்றை வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டயர் மாட்டிய அன்று அளந்து, மீட்டர் கணக்கோடு எழுதி வையுங்கள். 5,000 கிலோமீட்டரில் மறுபடி அளந்து பாருங்கள். 11 மில்லிமீட்டர் 10 ஆகியிருந்தால் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் போகிறது. 3 வரை இன்னும் 7 மில்லிமீட்டர் இருக்கிறது. ஆக மேலும் 35,000, மொத்தம் 40,000. டயர் விலையை அந்த 40,000த்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவு என்று தெரியும். இரண்டு கம்பெனி டயர்களை ஒப்பிட விளம்பரத்தை விட இந்த ஒரு எண் போதும். ஒரு டயரின் நடுவிலும் இரு ஓரங்களிலும் தனித்தனியாக அளப்பது முக்கியம். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட், அல்லது வளைவில் நீங்கள் திருப்பும் வேகம்.

மலை எதைத் தின்கிறது

முதலாவது, வளைவு. கொண்டை ஊசி வளைவில் முன் டயரின் வெளி ஓரம்தான் வண்டியின் எடையை வாங்கிக்கொண்டு உரசுகிறது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை இன்னும் முன்னே சாயும். ஏறுகிற கியரிலேயே இறங்குவது என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது பிரேக்கை மட்டுமல்ல, முன் டயரையும் காப்பாற்றும். மலை வண்டிக்கு 10,000 கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் 5,000த்திலேயே டயர்களை முன்பின் மாற்றிப் போட வேண்டும். ஸ்டெப்னியும் அதே அளவு, அதே வகை என்றால் அதையும் சுற்றில் சேருங்கள். இல்லாவிட்டால் ஐந்தாவது டயர் வெயிலில் தொங்கியே வீணாகும்.

இரண்டாவது, நான்கு சக்கர இயக்கம். தார், ஜிம்னி, பழைய ஜீப்புகள் எல்லாம் தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்தையும் இணைக்கும் வகை. சேற்றிலிருந்து தாருக்கு ஏறியதும் அதை எடுத்துவிட வேண்டும். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடியாக வேண்டும். இணைத்திருந்தால் ஓட முடியாது. அந்த வித்தியாசத்தை டயர் உரசித்தான் தீர்க்கும். ஸ்டியரிங் இறுக்கமாகி, வண்டி எதிலோ மாட்டி இழுப்பதுபோல் தோன்றினால் தேய்ந்துகொண்டிருப்பது டயரும் கியர்ப் பெட்டியும்தான்.

மூன்றாவது, சுமை. டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண் அந்த டயர் தாங்கும் எடையைச் சொல்கிறது. 100 என்று இருந்தால் 800 கிலோ. நான்கு டயருக்கும் சேர்த்து 3,200 கிலோ தாங்குமே என்று ஏற்றிவிட முடியாது. இறக்கத்தில், வளைவில், வெளிப்பக்க முன் டயர் ஒன்றே தன் பங்குக்கு மேல் சுமக்கும். ஆள் அதிகம் ஏற்றுவதால் வரும் விபத்து எல்லோருக்கும் தெரிந்தது. அதன் தினசரிச் செலவு டயரில் போகிறது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை.

நான்காவது, காற்று. கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப்புகள் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் ஏறுகின்றன. தடம் முழுக்கக் கல். மேகமலையிலும் சின்னமனூரிலிருந்து 18 வளைவு ஏறி ஹைவேவிஸ் தாண்டி, மணலாறு, இரவங்கலாறு, மகாராஜா மெட்டு என்று போகப்போகப் பாதை கெட்டுக்கொண்டே போகும். இப்படிப்பட்ட இடங்களில் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்தால் டயர் கல்லை அணைத்துக்கொண்டு போகும், பிடிப்பும் கூடும். ஆனால் டியூப் போட்ட டயரில் இதைச் செய்யாதீர்கள். டயர் ரிம்மில் நழுவி டியூபை இழுக்கும், வால்வு கிழியும். டியூப்லெஸ்ஸில் குறைத்தாலும் சின்னமனூர் வந்து காற்று அடித்துக்கொள்ளலாம் என்று தார்ச்சாலையில் அப்படியே இறங்கக்கூடாது. பக்கவாட்டுச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி உள்நூல் விட்டுப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்துப் புடைப்பு வரும். கையடக்கக் காற்றுப் பம்பு ஒன்று பெட்டியில் இருப்பது, விலை உயர்ந்த டயரை விட நல்ல முதலீடு.

இடையில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். மலை ஏறினால் டயரில் காற்று கூடிவிடும், குறைத்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானியில் ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும் என்பது உண்மை. மேலே குளிரும் என்பதும் உண்மை. பத்து டிகிரி குறைந்தால் ஏறக்குறைய அதே அளவு அழுத்தம் இறங்கிவிடும். ஒன்றை மற்றொன்று ஈடுகட்டும். தேனியில் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது சரியாக வைத்தால் போடிமெட்டுக்காக எதையும் தொட வேண்டாம்.

மைலேஜ் வாரண்டியைப் பிரித்துப் பார்த்தால்

அமெரிக்காவில் மைலேஜ் வாரண்டி சாதாரண வழக்கம். பி.எஃப்.குட்ரிச் நிறுவனத்தின் கேஓ2 என்ற புகழ்பெற்ற ஏ.டி. டயருக்கு அங்கே 50,000 மைல், அதாவது 80,000 கிலோமீட்டர் உத்தரவாதம் கொடுத்தார்கள். எம்.டி. வகைக்குப் பெரும்பாலும் எந்தக் கம்பெனியும் அங்கேயும் மைலேஜ் உத்தரவாதம் தருவதில்லை. கரடுமுரடான தடத்துக்கான டயர் எவ்வளவு ஓடும் என்று செய்தவருக்கே சொல்ல முடியாதபோது நாம் கடைக்காரரை வற்புறுத்துவதில் பயனில்லை. அமெரிக்க உத்தரவாதம் இங்கே செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். 2020 ஜூன் முதல் வாகன டயர் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. யாரோ கொண்டுவந்து விற்கும் வெளிநாட்டு டயருக்கு இங்கே பொறுப்பேற்க ஆள் இருக்கிறாரா என்று கேட்காமல் வாங்கக்கூடாது.

நம் ஊரில் கிடைக்கும் வாரண்டியில் பெரும்பகுதி மைலேஜைப் பற்றியதே அல்ல. தயாரிப்புக் குறைக்கான வாரண்டி அது: உள்நூல் பிரிவது, பட்டன் அடுக்கு கழல்வது, பீடிங்கில் வெடிப்பு. இத்தனை ஆண்டு என்று காலவரம்பு இருக்கும். லட்சம் கிலோமீட்டர் என்று கார் டயருக்கு விளம்பரம் வந்தால், அது விளம்பர வாசகமா, வாரண்டி அட்டையில் அச்சான நிபந்தனையா என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

மைலேஜ் வாரண்டி உண்மையிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 9,000 ரூபாய் டயர், 80,000 கிலோமீட்டர் உத்தரவாதம். 60,000த்தில் தேய்ந்துவிட்டது. ஓடாமல் போனது கால் பங்கு. உங்களுக்குக் கிடைப்பதும் கால் பங்கு, 2,250 ரூபாய். அதுவும் கையில் பணமாக வராது, அதே கம்பெனிப் புது டயரின் விலையில் கழிவாக வரும். அட்டையில் அச்சிட்ட விலையில் கழிப்பார்கள். அதே டயரைக் கடைக்காரர் வழக்கமாகவே அதைவிடக் குறைத்துத்தான் கொடுப்பார். வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது கொஞ்சமே.

அந்தக் கொஞ்சத்துக்கும் நிபந்தனை உண்டு. முதலில் வாங்கியவரே உரிமையாளராக இருக்க வேண்டும். அதே வண்டியில் ஓடியிருக்க வேண்டும். குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிப் போட்டதற்கும் அலைன்மென்ட் பார்த்ததற்கும் ரசீது வேண்டும். நான்கும் சீராகத் தேய்ந்திருக்க வேண்டும். வெட்டு, கிழிசல், பாறையில் மோதியது, அதிகச் சுமை, குறைந்த காற்று ஆகியவை சேராது. வாடகை வண்டி பெரும்பாலும் சேராது. டிரிப் ஜீப்புக்காரர் இந்தப் பட்டியலைப் படித்தால் தன் அன்றாட வேலையைத்தான் வரிசையாக எழுதியிருக்கிறார்கள் என்று சிரிப்பார்.

வார இறுதி வண்டிக்காரருக்கு வேறு கணக்கு. ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓடினால் 80,000 ஆக 13 ஆண்டுக்கு மேல் பிடிக்கும். வாரண்டியின் கால வரம்பு அதற்குள் எப்போதோ முடிந்திருக்கும். டயரும்கூட. கோடையில் கம்பம் பள்ளத்தாக்கின் வெயிலில் நிற்கும் வண்டியின் டயர் ஐந்தாறு ஆண்டில் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு விட ஆரம்பிக்கும். அதன்பின் ஆண்டுக்கொரு முறை கடையில் காட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள்; பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பத்தாண்டைத் தாண்ட விடாதீர்கள். பக்கவாட்டில் டாட் என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 2324 என்றால் 2024இன் 23ஆம் வாரம். இவருக்கு மைலேஜை விட முக்கியம் இந்த நான்கு எண்கள்தான். கடையில் ஒன்றரை ஆண்டு தூங்கிய டயரைப் புதுசு என்று வாங்கிவிடக்கூடாது.

இதையெல்லாம் மீறி மைலேஜ் உத்தரவாத எண்ணுக்கு ஒரு பயன் இருக்கிறது. அது ரப்பரின் குணத்தைக் காட்டிக்கொடுக்கும். அதிக மைலேஜ் என்றால் பெரும்பாலும் கடினமான ரப்பர். தாரில் நீடிக்கும், ஈரப் பாறையில் வழுக்கும். கல் தடத்தில் பட்டனின் ஓரம் சில்லு சில்லாகப் பெயரவும் கூடும். மென்மையான ரப்பர் பிடித்து நிற்கும், சீக்கிரம் தேயும். இரண்டும் ஒரே டயரில் வேண்டும் என்று கேட்பவர்களிடம் கடைக்காரர் தலையாட்டுவார், பில் போடுவார்.

ரீட்ரேடிங்

நைலான் டயர் ஓட்டுகிற டிரிப் ஜீப்புகளுக்கு உண்மையான "மைலேஜ் வாரண்டி" ரீட்ரேடிங்தான் என்பேன். ஒருமுறை தேய்ந்த டயரின் உடல் நன்றாக இருந்தால், மேலே புது ட்ரெட் ரப்பர் ஒட்டி, புது விலையில் ஒரு பகுதிக்கு இன்னொரு பிறவி கொடுக்கலாம். இந்தத் தொழில் சின்னதல்ல. 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். 1952இல் இறங்கியது இந்த ட்ரெட் ரப்பர் வியாபாரத்தில்தான். டயர் பிறகுதான் வந்தது. ஆனால் இரண்டு விதி. உள்நூல் தெரியும் வரை ஓட்டிய டயரை ரீட்ரேட் செய்யக் கொடுக்காதீர்கள். 2, 3 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போதே கழற்ற வேண்டும். ரீட்ரேட் செய்த டயரை மலை ஓட்டத்தில் முன் சக்கரத்தில் மாட்டக்கூடாது. பின்னால் பட்டை கழன்றால் வண்டி ஆடும். முன்னால் கழன்றால் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்காது. ரீட்ரேட் செய்தவுடன் கம்பெனி வாரண்டி முடிந்துவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிராக்டருக்கு

டிராக்டர் டயருக்கு மணிக்கணக்கே பொருந்தும், கிலோமீட்டர் அல்ல. லோயர் கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரையிலான இருபோக நிலத்தில் சேறு உழும்போது டயர் தேய்வது மிகக் குறைவு. வாழைத்தாரும் எருவும் ஏற்றிய டிரெய்லரைத் தார்ச்சாலையில் இழுக்கும்போதுதான் பட்டன் கரைகிறது. ஆண்டில் பாதிக்கு மேல் சாலையில் ஓடுமென்றால் பட்டன் உயரமான நெல் வயல் டயரை வாங்குவது வீண். பட்டன் தாழ்வாகவும் அடிப்பகுதி அகலமாகவும் உள்ளதைக் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயருக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, மற்ற வாகன டயர்களுக்கு 18. பழைய விலைப்பட்டியலை நீட்டினால் கேளுங்கள்.

கோரிக்கை வைக்கும்போது

தயாரிப்புக் குறை வாரண்டிதான் நம் ஊருக்குப் பயன்படும் வாரண்டி. பணம் எப்படிக் கணக்கிடப்படும் என்றால்: 11 மில்லிமீட்டரில் வாங்கிய டயரில் 7.6 மிச்சம் இருக்கும்போது பட்டன் அடுக்கு பிரிந்தது என்று வையுங்கள். 1.6 வரைதான் கணக்கு. மொத்தம் 9.4, மிச்சம் 6. ஆக சுமார் 64 விழுக்காடு புது டயரில் கழிவு. 9,000 ரூபாய் டயரில் 5,700 ரூபாய்க்குச் சற்று மேல். மைலேஜ் வாரண்டியில் வந்த 2,250ஐ இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதற்குத் தேவை பில். டயரின் தொடர் எண் பில்லில் எழுதப்பட்டிருக்க வேண்டும்; கடைக்காரர் எழுதாவிட்டால் நின்று எழுதி வாங்குங்கள், படமும் எடுத்து வையுங்கள். புடைப்பு தெரிந்த அன்றே கழற்றிவிட வேண்டும்; வெடிக்கும் வரை ஓட்டினால் குறை எது, மோதல் எது என்று யாராலும் சொல்ல முடியாது. பஞ்சர் கடையில் பக்கவாட்டை ஒட்டவைத்த டயரையும் ஏற்க மாட்டார்கள். கம்பெனியின் சர்வீஸ் ஆள் எந்த நாளில் வருவார் என்று கேட்டு, அவர் டயரைப் பார்க்கும்போது நீங்களும் நில்லுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

எழுத்தில் மறுத்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஜீப் வாடகைக்கு ஓடுகிறது, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொந்தப் பிழைப்புக்காக மட்டும், சுயதொழிலாக வாங்கியது வணிக நோக்கமாகாது என்று விளக்கம் இருக்கிறது. ஒற்றை ஜீப்பைத் தானே ஓட்டுகிறவர் அதைச் சுட்டிக்காட்டலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதுவரை அந்தப் பழைய டயரை எடைக்குப் போட்டுவிடாமல் வீட்டில் வைத்திருங்கள், சாட்சி அதுதான்.